அந்த அம்புக்குறியைப் போட்டது நான்தான்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் வம்பில் மாட்ட மாட்டார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். சுத்தப் பொய். தைரியசாலி எதையாவது செய்துவிட்டு மாட்டுவான். பயந்தாங்கொள்ளி, எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று முன்னேற்பாடு செய்துவிட்டு மாட்டுவான். தைரியசாலிக்காவது செய்த சந்தோஷம் மிஞ்சும். எங்களுக்கு அதுவும் கிடையாது.

பதினொன்றாம் வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போதே நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிடுவேன். அதனாலேயே படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். (அங்கே மெஷின் சத்தத்தில் யார் யாரைக் கூப்பிட்டாலும் கேட்காது.) போலீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். நடந்து போகும்போது ஜீப் எதிரே வந்தால், ஹெல்மெட் போடாமல் நடக்கிறோமே என்று கை தானாகத் தலைக்குப் போகும். ஒரு முறை ஏட்டு ஒருவர், "தம்பி, இங்க டீக்கடை எங்க இருக்கு?" என்று கேட்டார். என் பெயர், அப்பா பெயர், தெரு, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் டீக்கடைக்கு வந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. கூட்டாளிகள் இரண்டு பேர், மோகனும் டேவிட்டும். மோகனின் அண்ணன் சுரேஷுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் தாலி, சாப்பாடு, பேனர் மூன்றும் வேண்டும். முதல் இரண்டைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பேனர் தம்பிமார்கள் பொறுப்பு. அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பார்கள். மீதி இடம் முழுக்க நாங்கள் நிற்போம்.

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்புக் கண்ணாடிதான் இருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தோம். பிளக்ஸ் கடையில் டேவிட் பட்டங்களை அடுக்கினான்.

"மோகனுக்கு 'பாசப் புயல்' போடுண்ணே. எனக்கு 'எல்லை நாயகன்'. குணாவுக்கு இன்னா போடலாம்?"

கம்ப்யூட்டரில் இருந்த அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கடை ஃபேன் ஆடுகிற ஆட்டம் எனக்குப் பிடிக்காமல், அதற்கு நேர் கீழே இருந்த நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"'பயம் அறியா குணா' போடு" என்றான் டேவிட்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்கு ஒரு கவலை வந்தது. எளாவூர் தாண்டி ஹைவேயிலிருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் சாலை பிரியும். நேரே போனால் தொழிற்சாலைகள். இடது பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். பெண் வீட்டார் பொன்னேரியிலிருந்து வேனில் வருகிறார்கள். அவர்கள் திரும்பாமல் நேரே போய் ஏதாவது இரும்பு ஆலைக்குள் பட்டுப்புடவையோடு நுழைந்துவிட்டால்?

"ஒரு அம்புக்குறி போட்டுடலாம்" என்றேன்.

சின்னதாகப் போட்டார். தெரியாது என்றேன். பெரிதாக்கினார். கண் மங்கலானவர்கள் இருப்பார்கள் என்றேன். இன்னும் பெரிதாக்கிச் சிவப்பு அடித்தார். கடைசியில் மாப்பிள்ளை பெண்ணை விட அம்புக்குறி பெரிதாக இருந்தது. "போதுமா தம்பி, இல்ல ரோட்டு மேலயே கோடு போட்டுக் கொடுக்கட்டுமா?" என்றார் கம்ப்யூட்டர் அண்ணன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை பேனர் கட்டப் போனோம். சாலை பிரியும் இடத்தில் இரண்டு சவுக்குக் கட்டை நட்டுக் கட்டுவதாகத் திட்டம். எனக்கு இரண்டாவது கவலை வந்தது.

"டேய், காத்து அடிச்சி கட்டை சாஞ்சி எவன் மேலயாவது வுழுந்துட்டா?"

"எவன் மேலடா வுழும்?"

"பைக்ல போறவன் மேல. அவன் பின்னாடி கொழந்த ஒக்காந்துக்கினு வந்தா?"

டேவிட் தலையில் அடித்துக்கொண்டான். "அப்ப நீயே சொல்லு, எங்க கட்றது?"

சுற்றிப் பார்த்தேன். அங்கேயே, கான்கிரீட்டில் புதைத்த இரண்டு இரும்புக் கம்பங்களின் மேல், புயலே வந்தாலும் அசையாத ஒரு பச்சைப் பலகை நின்றிருந்தது. தொழிற்சாலைகளுக்கு நேரே போகச் சொல்லும் வழிகாட்டிப் பலகை. அதன் கீழேயே, இடது பக்கம் கனரக வாகனங்கள் திரும்பக் கூடாது என்று சிவப்பு வட்டம் வேறு.

"இதுல கட்டுனா சாயவே சாயாது" என்றேன்.

"போர்டு மறைஞ்சிடுமேடா" என்றான் மோகன். பிறகு அவனே, "அத்த எவன் பாக்கறான்? எல்லாருக்கும்தான் வழி தெரியுமே" என்று சமாதானமானான்.

நானே மேலே ஏறினேன். காற்றில் அவிழ்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு ஓட்டையிலும் நைலான் கயிற்றை விட்டு முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன். இறங்கி நின்று பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் மூன்று பேர், நடுவே சிவப்பு அம்புக்குறி. யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

காலையில் மண்டபத்து வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். மேளச் சத்தத்துக்கு மேலே ஒரு ஹார்ன் கேட்டது. பெண் வீட்டு வேன் என்று எல்லோரும் எழுந்தார்கள். தெரு முனையில் ஒரு லாரியின் முகம் தெரிந்தது. அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. முகம் தண்ணீர் டேங்கைத் தாண்டிய பிறகும் வால் இன்னும் தெருவுக்குள் நுழையவில்லை. கட்டுக்கட்டாக இரும்புக் கம்பி ஏற்றிய நீள டிரெய்லர். திருப்பத்தில் முன்பக்கம் எங்கள் அலங்கார வளைவில் முட்டி, வாழை மரங்கள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு, ஆயுத பூஜை வண்டி போல மங்களகரமாக நின்றது. பின்பக்கம் டேங்குக்கும் கோயில் மதிலுக்கும் நடுவே செருகிக்கொண்டது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது.

அதன் பின்னால் பெண் வீட்டு வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றது. அம்புக்குறியைப் பார்த்துச் சரியாகத் திரும்பி வந்திருந்தார்கள். (அந்த விஷயத்தில் என் முன்னேற்பாடு முழு வெற்றி.)

பெண் இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரெய்லருக்கும் மதிலுக்கும் நடுவே ஒருக்களித்து வந்தாள். பின்னாலேயே வரிசைத் தட்டுகள் வந்தன. பெண்ணின் தாய்மாமன் பாதியில் சிக்கி, முன்னால் இரண்டு பேர் இழுக்கப் பின்னால் இரண்டு பேர் தள்ள வெளியே வந்தார். தெருவே போனைத் தூக்கிப் படம் பிடித்தது.

டிரைவர் இறங்கினார். பெயர் வெங்கடய்யா, நாயுடுபேட்டைப் பக்கத்துக்காரர். மெலிந்த ஆள், தோளில் துண்டு. இறங்கியதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"இன்னாய்யா, காலங்காத்தால சரக்கா?" என்று மோகனின் மாமா சட்டையைப் பிடிக்கப் போனார்.

"லேது நைனா, நான் குடிக்கவே மாட்டேன். அம்பு இப்படி காட்னிச்சி. நான் இப்படி வந்தேன்."

"எந்த அம்புய்யா? கல்யாணத்துக்கு உன்னியும் கூப்ட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. நான் பன்னீர்ச் சொம்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

யாரோ போன் செய்து போலீஸ் ஜீப் வந்துவிட்டது. எஸ்.ஐ. ஒரு பெண், மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். டிரெய்லரைப் பார்த்தார், வாழை மரத்தைப் பார்த்தார், டிரைவரிடம் கையை நீட்டி லைசென்ஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஹெவி வண்டி திரும்பக் கூடாதுன்னு அங்க போர்டு இருக்கு. பெருசா அம்பு போட்டு நேரா போன்னு இருக்கு. நீங்க எதைப் பார்த்து வந்தீங்க?"

"அம்மா, பச்ச போர்டே நான் பாக்கலம்மா. தமிழ் எனக்குப் படிக்க ராது. சிவப்பு அம்பு மட்டும்தான் தெரிஞ்சிது. லைசென்ஸ் எடுத்துட்டா ஓனரு நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவாரும்மா. எனக்கு இந்தத் தொழில் தவிர வேற எதுவும் தெரியாது."

"சரி, ஏறுங்க. அந்த அம்பு எங்க இருக்குன்னு காட்டுங்க பார்க்கலாம்."

டேவிட் என் கையைக் கிள்ளினான். "டேய், ஜீப்பு லாரிய சுத்திக்கினு ஏரிக்கரை மேல போய்தான் வரணும். நாம வயல்ல குறுக்கால ஓடுனா முன்னாடியே போய்டலாம். அவுத்துட்டோம்னா பேனரும் இல்ல, நாமளும் இல்ல."

ஓடினோம். பட்டுச்சட்டை, புது வேட்டி, வரப்பு. மோகன் ஒரு முறை வயலில் இறங்கி முழங்கால் வரை சேற்றோடு ஏறினான். பலகை அருகே போனதும் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"முடிச்சு போட்டவன் நீ. ஏறு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஒரு முடிச்சு கூட அவிழவில்லை. நகத்தால் இழுத்தேன், பல்லால் கடித்தேன். காற்றுக்குப் பயந்து போட்ட முடிச்சு எனக்கா பயப்படும்? கீழேயிருந்து டேவிட், "சீக்கிரம்டா, சீக்கிரம்டா" என்றான். பிறகு அந்தக் குரல் நின்றுபோனது. குனிந்து பார்த்தேன். ஜீப் நின்றிருந்தது.

அப்போது நான் இருந்த இடத்தை நீங்கள் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் கறுப்புக் கண்ணாடியில் என் படம். அதன் கீழே என் பெயர். பக்கத்திலேயே, வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு, நான். குற்றவாளியின் போட்டோவையும் பெயரையும் குற்றத்தின் மேலேயே அச்சடித்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உலகத்திலேயே எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டுப் பையன்கள் மட்டும்தான்.

மேடம் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நீதானே?"

"இல்ல மேடம்."

"பேர் என்ன?"

"குணா."

அவர் பேனரைப் படித்தார். "பயம் அறியா குணா, கீழ இறங்கு."

இறங்கினேன்.

"மூணு பேருக்கும் ஒரே கண்ணாடியா?" என்று மேடம் கேட்டார். கூட வந்திருந்த ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

டேவிட்டுக்கு வாய் எப்போதும் மூளையை விட வேகம். "மேடம், நாங்க கட்டல மேடம். பிளக்ஸ் கடைக்காரங்களே ஆள் வுட்டுக் கட்டிட்டாங்க. தப்பான இடத்துல கட்டிக்கீறாங்களேன்னு நாங்க இப்பதான் அவுக்க வந்தோம். டிரைவரும் கொஞ்சம் நிதானமா வந்திருக்கலாம் மேடம், அவ்ளோ பெரிய வண்டிய எட்த்துக்கினு..."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே அது உண்மை போலத் தெரிந்தது. மேடம் பாதி நம்பியது போல நெற்றியைச் சுருக்கினார். நான் மட்டும் தலையை ஆட்டியிருந்தால் போதும், பதினைந்து நிமிடத்தில் பந்தியில் இருந்திருப்பேன்.

ஜீப்பின் பின்சீட்டில் வெங்கடய்யா உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. மேடத்தின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையில் அவருடைய லைசென்ஸின் மூலை வெளியே தெரிந்தது.

என் வாழ்க்கையில் எத்தனையோ பயம் பார்த்திருக்கிறேன். எல்லாம் எனக்கு என்ன ஆகுமோ என்கிற பயம். என்னால் இன்னொருத்தருக்கு ஆகிவிட்டதே என்கிற பயம் அன்றைக்குத்தான் புதிதாக வந்தது. அது மற்றதை எல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

"நான்தான் மேடம்" என்றேன்.

"என்ன நீதான்?"

"கட்டுனது நான்தான் மேடம். இந்த போர்டு மேல கட்டலாம்னு சொன்னதும் நான்தான். காத்துல வுழுந்துடும்னு பயந்து சொன்னேன். அம்பு போடச் சொன்னதும் நான்தான். பெருசா போடச் சொன்னதும் நான்தான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல மேடம். அம்பு காட்டுன வழியிலதான் வந்தாரு."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். திறந்த வாய் மூடவில்லை.

"போன மாசம் லைசென்ஸ் இல்லாம மாமா பைக்க எட்த்துக்கினு பொன்னேரி போனதும் நான்தான் மேடம். திருநின்றவூர் வரைக்கும் ரயில்ல டிக்கெட் எடுக்காம ஒரு வாட்டி போயிருக்கேன். ஸ்கூல் பெஞ்சுல காம்பஸால பேர் எழுதுனதும்..."

"டேய்," என்றார் மேடம். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

ஏட்டு மறுபடி இருமினார். மேடம் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, பின்சீட்டுக்கு நீட்டினார். வெங்கடய்யா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாபு," என்றார், "ஆனா அம்பு பாகா, நல்லா போட்டிருந்தே. எனக்குக் கொஞ்சம் கூட சந்தேகம் வரல."

பேனரைக் கழற்றச் சொன்னார் மேடம். கத்தி இல்லை. டேவிட்டும் மோகனும் ஏட்டும் சேர்ந்து ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். பேனர் வந்தது. முடிச்சு அவிழாமல், பச்சைப் பலகையும் கூடவே வந்தது. தரையில் விழுந்து மடங்கிக் கிடந்த அதையும், மேலே வெறுமனே நின்ற இரண்டு கம்பங்களையும் மேடம் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் போட்ட முடிச்சு?"

"நான்தான் மேடம்."

அவர் ஹைவே ஆட்களுக்குப் போன் செய்தார். வந்து வேறு பலகை மாட்ட மத்தியானம் ஆகும் என்றார்கள். அதுவரை வழி காட்ட யாராவது வேண்டுமே. மேடம் எங்களைப் பார்த்தார்.

அப்படித்தான் நான் பலகையானேன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, பட்டுச்சட்டையில், தொழிற்சாலைப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நான். ஊர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு டேவிட். 'கனரக வாகனங்கள் திரும்பக் கூடாது' என்பதற்கு மோகன், இரண்டு கையையும் பெருக்கல் குறியாக வைத்துக்கொண்டு. ஏட்டு மரத்தடியில் உட்கார்ந்து மேற்பார்வை. அண்ணன் கல்யாணத்தைப் பார்க்க விடுங்கள் என்று மோகன் கெஞ்சி, தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் பர்மிஷன் வாங்கினான். திரும்பி வரும்போது எங்களுக்கு வாழை இலையில் பொங்கலும் வடையும் கட்டிக்கொண்டு வந்தான். நான் ஒரு கையை நீட்டியபடியே இன்னொரு கையால் சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் லாரி வரும்வரைதான் அவமானம். அது என் கையைப் பார்த்து, வேகம் குறைத்து, நேரே போயிற்று. அடுத்தது ஒரு டேங்கர். அதுவும் போயிற்று. என் பேச்சை நாய்க்குட்டி கூடக் கேட்டதில்லை. இங்கே பதினாறு சக்கர வண்டி கேட்கிறது. உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. குழப்பமாக வந்த வண்டிகளுக்கு ஓடிப்போய்க் கை காட்டினேன். தெலுங்கில் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். (தெரிந்தது 'அப்படிப் போ' என்கிற 'அட்ல போ' மட்டும்தான்.) கடைசியில் ஏட்டே எழுந்து வந்து, "தம்பி, கொஞ்சம் அடக்கி வாசி, பஸ்ஸையும் ஃபேக்டரிக்கு அனுப்பிச்சிட்ட" என்றார்.

முகூர்த்தம் முடிந்து ஊரே கூடிக் கத்தி, கோயில் மதிலில் கொஞ்சம் உதிர, டிரெய்லர் ரிவர்ஸிலேயே வெளியே வந்தது. முன்னால் இன்னும் ஒரு வாழை மரம். பிரியும் இடத்தில் வெங்கடய்யா வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"பாபு, எட்ல போவாலி?"

எப்படிப் போக வேண்டும் என்று வழிதான் கேட்டார், கேலியாகக் கேட்கவில்லை. நான் கையை முழுசாக நீட்டினேன். அவர் நேரே போனார். வால் கடைசியாக என்னைத் தாண்டும்வரை கையை இறக்கவில்லை.

சாயங்காலம் மூன்று வீட்டுப் பெற்றோரும் ஸ்டேஷனில் உட்கார்ந்து எங்களை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். மேடம் எச்சரித்து அனுப்பிவிட்டார். பலகைக்கும் மதிலுக்கும் நாங்கள் மூன்று பேரும் வேலை செய்து கொடுத்தோம். மதிலுக்குக் கலவை போடும்போது மணல் போதுமா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதில், கொத்தனார் என்னை வீட்டுக்கு அனுப்பினார். பேனரை அம்மா கொல்லைப்புறத்தில் விறகுக்கு மேலே மூடிவிட்டாள். மழைக்காலம் முழுக்க என் கறுப்புக் கண்ணாடி முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பொன்னேரியில் மண்டபம். பெண் வீடு திருநின்றவூர். பேனரே கூடாது என்று சொல்லிவிட்டேன். டேவிட்டும் மோகனும் கேட்கவில்லை; பேனர் இல்லை என்றால் நாங்களே பேனர் என்று கோட்டு போட்டுக்கொண்டு தெரு முனையில் கையை நீட்டியபடி நின்றுவிட்டார்கள். என் மனைவியின் சித்தப்பா காரில் வந்து இறங்கினார். டேவிட் நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று சொல்லிவிட்டு நேரே போய், அடுத்த தெருவில் வேறு யாருடைய கல்யாணத்திலோ நாஷ்டா சாப்பிட்டு, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். தாலி கட்டிய பிறகுதான் எங்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்.

என் மாமியார் மணமேடைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். "ரோட்டுல ஆளை நிக்க வெச்சி எங்க வூட்டு ஆளுங்கள வழி மாத்தி அனுப்புனது யாரு?" என்று குரலை உயர்த்தினார்.

கழுத்தில் மாலை. பக்கத்தில் புது மனைவி. டேவிட்டும் மோகனும் தூணுக்குப் பின்னால். நான் எழுந்து நின்றேன்.

"நான்தான் மேடம்" என்றேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் அவரை அத்தை என்றோ பாட்டி என்றோ கூப்பிடுவதில்லை. என் மகள் முதல் மாமனார் வரை எல்லோருக்கும் அவர் மேடம்தான்.